110 கிராமங்களுக்குக் காவிரி குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பு: வாங்கலாமா?

2007இல் பெங்களூரு மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமப் பகுதிகளில் வீடு உள்ளவர்களுக்கு: வாங்கலாம். 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் (நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர்) முதன்மையாக இப்பகுதிகளுக்கானது. போர்வெல் நீரைவிடக் கடினத்தன்மை குறைவு. கீசரில் உப்புப் படிவதும் குறையும்.

ஆனால் இது 24 மணி நேரத் தண்ணீர் அல்ல. முறை வைத்து வருவதால் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இல்லாமல் பயனில்லை. குழாய் சம்புக்குள் நுழையும் இடம் உயரமாக இருந்தால், அழுத்தம் குறைந்த நாளில் சொட்டுத்தான். சம்ப் நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு கட்டாயம். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் போடுவது சட்டவிரோதம்; விரிசல் வழியே சாக்கடை நீரையும் உறிஞ்சும்.

பாதாளச் சாக்கடைதான் பலவீனமான பக்கம். குழாய் பதித்திருந்தாலும், அது சுத்திகரிப்பு நிலையம்வரை இணைந்துவிட்டதா என்று கேட்காமல் செப்டிக் டேங்கை மூடாதீர்கள். 4 அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடி சரிவு வேண்டும். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடைக் குழாயில் விட்டால் முதல் பெருமழையிலேயே சேம்பர் (சாக்கடை ஆய்வுத் தொட்டி) நிறைந்து, கழிவுநீர் தாழ்வான வீட்டுக் குளியலறையில் பொங்கும். சாலையைத் தோண்ட அனுமதி தனி. செலவுக் கணக்கில் பலர் மறப்பது அதைத்தான்.

என் மதிப்பெண்: தண்ணீருக்கு 5க்கு 4, சாக்கடைக்கு 2.