இயங்கும் சிற்பத்துக்கு எந்த ஷட்டர்?

சிற்பி நாவும் காபோ 1919-20-இல் மாஸ்கோவில் செய்த ‘நிற்கும் அலை’ ஏறக்குறைய இரண்டடி உயரமுள்ள ஒரே ஒரு எஃகுக் கம்பி. அடியில் மின்மோட்டார். மோட்டார் நின்றிருந்தால் வெறும் கம்பி. ஓடவிட்டால் கம்பி அதிர்ந்து, கண்ணாடியில் செய்தது போன்ற ஒரு நெளிந்த உருவம் காற்றில் எழுந்து நிற்கும். இயக்கத்தையும் காலத்தையும் சிற்பத்தின் பொருளாக்கலாம் என்று மாணவர்களுக்குக் காட்டவே அவர் இதைச் செய்தார்.

கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரை 1/1000 நொடி மட்டும் திறந்து எடுத்தால் லேசாக வளைந்த கம்பி கிடைக்கும். படம் துல்லியம்தான், ஆனால் சிற்பம் அதில் இல்லை. 1/8 நொடிக்கு இறக்குங்கள். கம்பி வீசியாடும் இடங்கள் புகைபோலப் பரவும், அலையின் கணு மட்டும் கரும்புக் கணு மாதிரி அசையாமல் கூர்மையாக நிற்கும். கண் பார்ப்பதும் இதைத்தான். ஒரே சிக்கல்: கம்பி எந்த இடத்திலும் தங்குவதில்லை, அதனால் அதன் ஒளி மெல்லியதாகச் சிதறிவிடும். பின்னணி கறுப்பாக இருந்து, விளக்கு பக்கவாட்டிலிருந்து விழுந்தால்தான் உருவம் தெரியும்.

அப்புறம், செல்போன். பெரும்பாலான செல்போன்கள் காட்சியை வரிவரியாகப் பதிவு செய்கின்றன. அதிரும் கம்பியில் இல்லாத நெளிவுகளை அவை சேர்த்துவிடும். எஃகு ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து அதிரவிட்டு எடுத்துப் பாருங்கள், புரியும். இந்தச் சிற்பத்துக்குச் செல்போனை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

கலைஞர் மார்செல் துஷாம்ப் 1920-இல் நியூயார்க்கில் செய்த சுழலும் கண்ணாடித் தகடுகளுக்கு ஒரு படம் போதாது. நின்றால் வெட்டுப்பட்ட வளைகோடுகள், சுழன்றால் முழு வட்டங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் விஷயம் விளங்கும். நேர் எதிரே, ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுக்க வேண்டும். பக்கவாட்டுக் கோணத்தில் தகடுகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும், வட்டமாக ஒன்றுசேராது.

இன்னொரு கலைஞரான லாஸ்லோ மொஹோலி-நாகியின் ஒளிக்கருவியில் கணக்கே தலைகீழ். 1930-இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட இது, துளையிட்ட உலோகத் தகடுகளும் கம்பி வலைகளும் மெதுவாகச் சுழலும் இயந்திரம். இங்கே நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தால், அதாவது ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால், சுவரில் ஊரும் நிழல்கள் கரைந்து சாம்பல் பூச்சாகிவிடும். குறைந்த நேரம்தான் சரி. ஆனால் அப்போது ஓடும் நூறு நிழல்களில் ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

அதனால் அவரே 1930-இல் இதைக் குறும்படமாக எடுத்தார். படத்தைப் பார்த்தால் இயந்திரம் முழுதாக எப்படியிருக்கும் என்று தெளிவாகத் தெரியாது. மிக அருகில் போகிறார், காட்சி மேல் காட்சியை ஏற்றுகிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை. மின்மேடைக்கான ஒளிக்கருவி என்றுதான் அவர் பெயரிட்டார். அது ஒளிக்காகப் பிறந்தது, தன்னைக் காட்டிக்கொள்ள அல்ல. உண்மையான இழப்பு வண்ணம். பாரிஸில் வண்ண பல்புகள் பொருத்திய பெட்டிக்குள் வைக்கப்பட்ட கருவி, படத்தில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டுமே.

இன்று இதைப் படமெடுக்க ஒரே வாய்ப்பு கிடைத்தால், கேமராவை முக்காலியில் வைத்து, சிற்பத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கத் திருப்பி, ஒரு முழுச் சுற்றையும் வெட்டாமல் வண்ண வீடியோவாக எடுப்பேன்.