கல்லறைத் திருநாளுக்கு வாங்கிய லாந்தர் செட்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்குச் சாயங்காலம் தூத்துக்குடியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், மெழுகுதிரி ஏற்றுவது பெரிதில்லை, அதை அணையாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. பருவக்காற்று தொடங்கியிருக்கும், கடல் வேறு பக்கத்திலேயே இருக்கிறது. கையால் பொத்திப் பொத்தி ஏற்றிவிட்டு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பதற்குள் திரி அணைந்துவிடும். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரு வருடம்கூட அவள் தலைமாட்டில் ஒரு திரி முழுதாக எரிந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் போன அக்டோபரில் இந்த செட்டை ஆன்லைனில் வாங்கினேன். விலை 649 ரூபாய். கண்ணாடி ஜாடியிலும் தகர டப்பாவிலும் நாமே லாந்தர் செய்துகொள்ளலாம் என்று போட்டிருந்தார்கள்.

இதே செட்டைப் பல பெயரில் பல பேர் விற்கிறார்கள். அதனால் நான் யாரிடம் வாங்கினேன் என்பது முக்கியமில்லை, உள்ளே என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். இரண்டு கண்ணாடி ஜாடி, இரண்டு தகர டப்பா, அலுமினியக் கிண்ணத்தில் மெழுகு ஊற்றிய 'டீலைட்' என்கிற குட்டி மெழுகுதிரி ஆறு, ஒரு சணல் கயிற்று உருண்டை, பிடிக்கு இரண்டு கம்பி, துளை போட ஒரு பஞ்ச், டப்பாவில் சுற்றி ஒட்டிக்கொள்ளும் டிசைன் காகிதம் நான்கு, கண்ணாடியில் பூசும் நீல வர்ணம் ஒரு குப்பி. அட்டைப் பெட்டியில் 'மறுசுழற்சி' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. ஆனால் ஜாடியும் டப்பாவும் புத்தம் புதியவை. ஜாம் ஊறுகாய் எதையும் பார்க்காதவை. மறுசுழற்சி என்று சொல்லிப் புதுச் சாமானை விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜாடியில் வேலை சுலபம். மேலே வர்ணம் பூசி, கழுத்தில் கம்பியைச் சுற்றி, பிடி மாட்டி, டீலைட்டை உள்ளே இறக்கினால் முடிந்தது. அவர்கள் தந்த குறிப்பில் கழுத்தைச் சுற்றிச் சணல் கயிறு கட்டி முடிச்சுப் போடச் சொல்லியிருந்தது. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அனல் முழுக்க வெளியே வருவது அந்த வாய் வழியாகத்தான். வீட்டு வராந்தாவில் ஒரு மணி நேரம் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், சணலின் உள்பக்க இழை பழுப்பேறி இருந்தது. உடனே அவிழ்த்துப் போட்டுவிட்டேன். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தச் சணலைக் கட்டவே கட்டாதீர்கள்.

டீலைட் நான்கு மணி நேரம் எரியும் என்று எழுதியிருந்தது. என் கடிகாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம். சமையலறைத் தராசில் நிறுத்தேன், ஒன்று 9 கிராம் இருந்தது. உள்ளே இருக்கும் மெழுகு எவ்வளவோ அவ்வளவு நேரம்தானே எரியும்.

இனி கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. நானும் மைனியும் ஐந்தரை மணிக்குப் போனோம். கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, நீல ஜாடிகள் இரண்டையும் தலைமாட்டில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வைத்து ஏற்றினேன். இருட்ட இருட்ட அந்த நீல வெளிச்சம் சலவைக்கல்லில் இருந்த அம்மாவின் பெயர் மேல் விழுந்தது. அந்த அரை மணி நேரத்துக்கு நான் கொடுத்த காசு தகும் என்றே நினைத்தேன். ஆனால் சுடர் நிலையாக நிற்கவில்லை. ஜாடியின் வாய் குறுகல். சூடான காற்று மேலே போவதும் அந்த வழிதான், புதுக் காற்று உள்ளே வருவதும் அந்த வழிதான். இரண்டும் மோதிக்கொண்டு சுடர் விக்கி விக்கி எரிந்தது. உள்விளிம்பில் கரி படிந்துவிட்டது.

ஆறே கால் வாக்கில் தூறல் போட்டது. பெரிய மழை இல்லை, பூத்தூறல். இடது பக்க ஜாடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். கழுத்திலிருந்து கீழே வரைக்கும் ஒரு கோடு ஓடியது. நான் குனிந்து எடுக்கப் போனேன். "கை வைக்காத பிள்ள, வெடிச்சிட்டு!" என்று மைனி என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டாள். அடுத்த நொடி அது இரண்டாகப் பிளந்து விழுந்தது. சாதாரண பாட்டில் கண்ணாடி சூடாகும்போது விரியும். அதில் ஒரு இடத்தில் மட்டும் குளிர்ந்த நீர்த்துளி பட்டால் அந்த இடம் சுருங்கும், சுற்றியுள்ள இடம் விரிந்தபடியே நிற்கும். அந்த இழுபறியைக் கண்ணாடி தாங்காது. இது ஜாடியின் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன், எந்த ஜாம் பாட்டிலுக்கும் இதே கதிதான். ஆனால் தோட்டத்தில், மொட்டை மாடியில், திறந்தவெளியில் வைக்கலாம் என்று விற்பவர்கள், மழையில் வைக்கக் கூடாது என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும். எழுதிக் கேட்டேன். உடைந்த ஜாடியின் படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அதற்குப் பிறகு பதில் இல்லை.

கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தேன். அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.

மறுநாள் செட்டில் இருந்த தகர டப்பாவை எடுத்தேன். தகரம் மெலிசு. பஞ்சை வைத்துத் தட்டியதும் துளை விழுவதற்கு முன்னே டப்பா உள்ளே சப்பிவிட்டது. டப்பாவில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த பிறகுதான் துளை போட வேண்டும் என்பது குறிப்பில் எங்கேயும் இல்லை. இந்த வேலையின் உயிரே அதுதான். நான் பள்ளியில் படிக்கும்போது கைவேலை டீச்சர் சொல்லிக் கொடுத்தது, மறக்கவில்லை. சரி, இதை நாமே முறையாகச் செய்து பார்த்துவிடுவோம் என்று எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

அண்ணாச்சி டப்பாக்களைத் தனியாகக் கொட்டி வைத்திருந்தார். எட்டு டப்பா பொறுக்கினேன், ரசகுல்லா டப்பா மூன்று, மில்க்மெய்ட் டப்பா ஐந்து. "தகரத்த வச்சி என்னம்மா செய்யப் போறிய?" என்று கேட்டார். கல்லறைக்கு விளக்கு என்றேன். தராசில் போட்ட டப்பாக்களை எடுத்து என் பையில் போட்டு, "இருபது ரூவா குடுங்க, போதும்" என்றார். ரசகுல்லா டப்பாவின் தகரம் செட்டில் வந்ததைவிட நன்றாகக் கனம். உடம்பில் வரிவரியாக மடிப்பு இருப்பதால் அழுத்தினாலும் நெளியாது.

செய்முறையை இங்கே சொல்லிவிடுகிறேன், செட் வாங்கியவர்களுக்கும் உதவும். டப்பாவை நன்றாகக் கழுவி, லேபிளை வெந்நீரில் ஊற வைத்து உரிக்க வேண்டும். பசை போகாவிட்டால் தேங்காய் எண்ணெயில் ஆப்பசோடாவைக் குழைத்துக் கால் மணி நேரம் பூசி வைத்துத் தேய்த்தால் வந்துவிடும். வாய் விளிம்பில் கூராக நிற்கும் தகரத்தைக் குறடால் மடித்து அமுக்குங்கள். அப்புறம் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் ஒரு இரவு வைக்க வேண்டும். வாய் வரை ஊற்றாமல் இரண்டு விரல் குறைத்தே ஊற்றுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருக்கும். அப்படிக் குறைத்து ஊற்றியும் அடிப்பக்கம் கொஞ்சம் புடைக்கும். ஐஸ் கரைந்த பிறகு சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பழையபடி உட்கார்ந்துகொள்ளும்.

டிசைன் காகிதத்தை ஒட்டி, மடித்த பழைய போர்வை மேல் டப்பாவைப் படுக்க வைத்துத் துளை போட வேண்டும். பொடித் துளைக்கு ஒரே அடி போதும், ஐஸ் உள்ளிருந்து தாங்கிக்கொள்ளும். துளைக்குத் துளை அரை அங்குலமாவது இடைவெளி விடுங்கள், நெருக்கிப் போட்டால் தகரம் கிழியும். இந்த இடத்தில் செட்டில் வந்த பஞ்சைப் பாராட்டியே ஆக வேண்டும். நல்ல உருக்கு, பிடி வழுக்கவில்லை, எட்டு டப்பா முடிந்தும் முனை மழுங்கவில்லை. ஆணியால் போட்ட துளையையும் பஞ்சால் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஆணித் துளை ஒன்று வட்டமாக வரும், அடுத்தது கோணும். டிசைன் காகிதங்களும் நன்றாக இருந்தன. சிலுவை டிசைனைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். செட்டில் வந்த பிடிக் கம்பி மட்டும் உதவாது, தூக்கினால் நீளுகிறது. கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டேன்.

ஒன்றை நானாகக் கண்டுபிடித்தேன். டப்பாவைச் சுற்றி முழுக்கத் துளை போட்டால் காற்றுக்கு நாமே கதவு திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் முன்பக்கம் பாதிக்கு மட்டும் சிலுவையைத் துளையாகப் போட்டு, முதுகுப் பக்கத்தை மூடியபடி விட்டேன். முன்பக்கத்திலேயே அடியில், மணல் மட்டத்துக்கு மேலே, சின்னதாக ஆறு துளை. புதுக் காற்று கீழே நுழையும், அனல் மேலே போகும், சுடர் விக்காது. எங்களுக்குக் கடல் கிழக்கே. முதுகைக் கிழக்கே திருப்பி வைத்தால் போதும். உள்ளே மூன்று விரல் உயரத்துக்கு மணல் போட்டால் டப்பா சாயாது, திரியும் நட்டுக்குத்தாக நிற்கும். ஜாடிக்குக் கல்லுப்பு போடலாம், வெளிச்சம் பட்டு அழகாக மின்னும். எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? ஆனால் தகரத்தில் உப்பு போடாதீர்கள். ஈரத்தை இழுத்து ஒரு வாரத்தில் துரு ஏற்றிவிடும். துளை போட்ட இடங்களில் வெள்ளீயப் பூச்சு போய் இரும்பு தெரியும், கடற்காற்றுக்கு அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வையுங்கள். முதல் தடவை மட்டும் வெட்டவெளியில் அரை மணி நேரம் எரியவிடுங்கள். உணவு டப்பாக்களின் உள்ளே ஒரு பூச்சு இருக்கும், அது கருகும் வாடை முதலில் வரும்.

டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். டீலைட் வைக்கவில்லை, பெட்டிக் கடையில் விற்கும் சாதாரண வெள்ளை மெழுகுதிரியைப் பாதியாக நறுக்கி மணலில் நட்டேன். அன்றைக்கும் காற்று இருந்தது, இடையில் ஒரு தூறலும் வந்தது. துளி பட்ட இடத்தில் தகரம் 'சுர்' என்றதோடு சரி. சிலுவை வெளிச்சம் கல்லின் மேல் கொஞ்சமும் அசையாமல் விழுந்து கிடந்தது. திரி தரையோடு தரையாக எரிந்து முடியும் வரை மைனியும் நானும் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

மிச்சமிருக்கும் நீல ஜாடி இப்போது வீட்டுக்குள் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. மழையும் காற்றும் படாத இடத்தில் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், எங்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. டம்ளருக்குள் திரியை நட்டுச் சமாளித்தோம். அப்போது இந்த மாதிரி இரண்டு ஜாடி இருந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். அதனால் ஜாடியைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அதற்குக் காசு கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். காபித்தூள் பாட்டில், தேன் பாட்டில், எது வாய் அகலமாக இருக்கிறதோ அது போதும்.

ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். ஒன்று பஞ்சுக்கு, ஒன்று டிசைன் காகிதத்துக்கு. பஞ்ச் மட்டும் தனியாக வேண்டுமென்றால் ஹார்டுவேர் கடையில் சென்டர் பஞ்ச் என்று கேளுங்கள், தருவார்கள். இந்த வருடம் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் நான்கு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ரசகுல்லா டப்பா வந்தால் நசுக்காமல் எடுத்து வைக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை ஏழு சேர்ந்திருக்கிறது.