நிகோட்டின் கம், 14 மாதம்: ஆறிப்போன டீயின் கதை

போன வாரம் தண்டையார்பேட்டை நண்பன் கேட்டான்: "மச்சான், தம்மை விடணும். வேப்புக்கு மாறிடவா, இல்ல நீ மெல்றியே, அந்த கம்மை வாங்கவா?" இரண்டையும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

வேப், அதாவது நிகோட்டின் ஆவியை இழுக்கிற மின்-சிகரெட், என்னிடம் ஏழு மாதம் இருந்தது. 2019 சட்டப்படி அதை விற்பதே குற்றம். தெரிந்தவர் மூலம் கைக்கு வந்தது. வீட்டில் வாடை இல்லை. ஆனால் சிகரெட் என்றால் மாடியிறங்கிப் பெட்டிக்கடை வரை போக வேண்டும், ஒன்று தீர்ந்தால் தீர்ந்தது. இது தலையணைக்கடியிலேயே கிடந்தது. ராத்திரி மூன்று மணிக்குக் கண்ணைத் திறக்காமலே கை அதைத் தேடும். இழுத்தால் படபடப்பு அடங்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். மனசுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே பயந்தேன். நிகோட்டின் குறையும்போது வருகிற பதற்றத்தைத்தான் நிகோட்டினால் அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

அப்புறம் கம். ஒரு துண்டில் 2 மில்லிகிராம் நிகோட்டின், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே தருகிறார்கள். முதலில் பபிள்கம் மாதிரி மென்று விக்கலில் தவித்தேன். மெதுவாக மென்று, நாக்கு சுர்ரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஆறாவது வாரத்தில் தூக்கம் திரும்பியது. வீட்டில் எரிந்து விழுவதும் நின்றது. அதற்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

ஆனால் டீ! மெல்வதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி கூடாது, மெல்லும்போதும் கூடாது. வாயில் அமிலம் ஏறினால் நிகோட்டின் சரியாக உள்ளே இறங்காது. விடியற்காலை காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்ததும் ஐஸ் பெட்டி மேல் டம்ளர்களை வைத்துக்கொண்டு எல்லாரும் பேசுவார்கள். என் டம்ளரில் மட்டும் ஆடை கட்டியிருக்கும். தம்மைக்கூட மறந்துவிட்டேன், இந்த டீயை மறக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் நிறுத்த வேண்டிய கம், இன்னும் நாளுக்கு இரண்டு ஓடுகிறது. அந்தக் கோபமும் சேர்ந்திருக்கிறது.

அதனால் இன்றைக்குக் கேட்டால், வேப்பைத் தொடாதே, கம்மும் வேண்டாம் என்பேன். முதலில் புகையிலையை விட உதவுகிற அரசு எண் 1800-112-356க்குப் போன் போடு, காசில்லை. என்னிடம் தமிழில் பொறுமையாகப் பேசினார்கள். இல்லை, கம் வாங்கத்தான் போகிறாய் என்றால் டீயைச் சூடாகக் குடித்து முடி, கால் மணி கழித்து வாயில் போடு.