பொன்டூன் போட் டியூப்புக்குள்ள தண்ணி: 185,000 ரூபாவ நான் தாரைவாத்த மாதிரி நீங்களும் குடுத்திராதீங்க

இத எழுதக்குள்ள இன்னும் கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க. 185,000 ரூபா. ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம். சும்மா வந்த காசி இல்ல, மனிசிட சங்கிலிய அடகு வச்சு எடுத்த காசியும் அதுக்குள்ள இரிக்கு. அத ஒரு பட்டி பூசுறவன்ட கைல குடுத்திட்டு இப்ப போட்ட கரைல ஏத்தி வச்சுப் பாத்துக்கொண்டிருக்கன்.

போட்டப் பத்தி தெரியாத ஆக்களுக்கு. மண்டூர் குறுமண்வெளிப் பாதைல, அதான் வாவியக் கடக்கிற மிதவைல, போயிருப்பீங்கதானே, கீழ மிதப்பு, மேல பலக, அதே கணக்குத்தான். என்டது சின்னது. அலுமினிய டியூப் ரெண்டு, ஒவ்வொண்டும் 20 அடி நீளம், ரெண்டு அடி அகலம், அதுக்கு மேல தளமும் கூரையும். ஒவ்வொரு டியூப்பும் உள்ளுக்க தடுப்புப் போட்டு மூணு அறையாப் பிரிச்சிரிக்கும், ஒரு அறை ஓட்டயானாலும் மத்த ரெண்டும் தாங்கட்டும் எண்டுதான் அப்படிச் செய்யிற. ஹோட்டல் ஒண்டு வித்தத வாங்கி மட்டக்களப்பு வாவில சனத்த ஏத்திக்கொண்டு திரியிறன், கல்லடிப் பக்கமிருந்து கண்டல் காட்டுப் பக்கம் ஒரு சுத்து, நிலாக் காலத்துல மீன் பாட்டுக் கேக்கிறதுக்கு (தண்ணிக்கடில இருந்து பாட்டு மாதிரி ஒரு சத்தம் வரும், மீன் பாடுது எண்டுதான் சொல்ற) ராவுல ஒரு சுத்து. அவ்வளவுதான் என்ட தொழில்.

ரெண்டு மாசத்துக்கு முன்ன போட் இடப்பக்கம் பின்னால கொஞ்சம் பதிஞ்சு நிக்கத் தொடங்கிச்சு. முதல்ல எஞ்சின் பாரம் எண்டு நினைச்சன். மறுகா ஓட்டமும் குறைஞ்சு பெற்றோல் கூடக் குடிக்குது. அப்பதான் மச்சான் சொன்னான், டியூப்புக்குள்ள தண்ணி ஏறியிருக்கும் எண்டு. அலுமினியம் ஒட்டுற ஆக்கள் எங்கட பக்கம் கிடைக்கிற கஷ்டம், இரும்பு ஒட்ட நாலு பேர் நிப்பான், அலுமினியம் எண்டா ஒட்டுற இடத்துல காத்துப் படாம மூட ஆகன் காஸ் வேணும், கையும் பழகியிருக்கணும். அதால போனத் தூக்கித் தேடினன். அதுதான் நான் விட்ட முதல் பிழை.

ஒன்லைன்ல வாங்கிற விக்கிற தளம் ஒண்டுல விளம்பரம். "அலுமினிய போட் வேலை, வீட்டுக்கே வந்து செய்து தரப்படும், அஞ்சு வருசம் கேரண்டி." பளபளக்கிற ஒட்டுப் படம் எட்டு. அதெல்லாம் ஆரிட வேலையோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

கோல் எடுத்து ரெண்டு மணித்தியாலத்துல வந்திட்டான். வந்த விதத்த நினைச்சாத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருது. செருப்பக் கழட்டி வச்சிட்டு மாமிக்குக் கும்பிடு போட்டான். மறுகா போட்டுக்குக் கீழ படுத்துக்கிடந்து ஒரு ரூபாக் குத்தியால டியூப்ப முன்னால இருந்து பின்னால தட்டிக்கொண்டு போனான், காத வச்சுக் கேட்டான், டொக்டர் நெஞ்சு பாக்கிற மாதிரி. "அண்ணன், இந்த அறைல தண்ணி இரிக்கு, சத்தம் மாறுது கேளுங்க" எண்டு என்னயும் குனிய வச்சுக் கேக்கப் பண்ணினான். உண்மையா சத்தம் மாறிச்சு! நான் அந்த நிமிசமே விழுந்திட்டன். தண்ணி இரிக்கு எண்டு கண்டுபிடிக்கத் தெரிஞ்சவனுக்கு அத மூடவும் தெரியும் எண்டு என்ட மரமண்டை நினைச்சிட்டு. குத்தியால தட்டிப் பாக்க மாமிக்கும் ஏலும், அதுக்கு 185,000 தேவையில்ல.

தேத்தண்ணி குடிச்சிட்டு ஒரு லட்சம் அட்வான்ஸ் வாங்கினான். ரெண்டாம் நாள் ஆகன் காஸ் கொழும்புல இருந்து வரணும் எண்டு 60,000. பில் கேட்டதுக்கு "தம்பிய நம்பல்லயா அண்ணன்" எண்டு சிரிச்சான், நான் வெக்கப்பட்டு வாய மூடிட்டன் பாருங்க. மூணாம் நாள் நான் பிள்ளைய ஸ்கூலால ஏத்தப் போய் வரக்குள்ள வேல முடிஞ்சு சில்வர் பெயின்ட்டும் அடிச்சாச்சு. "காத்து அடிச்சு டெஸ்ட் பண்ணிட்டன், உள்ளுக்க போமும் நிரப்பி விட்டிரிக்கன், இனி வாழ்நாள்ல தண்ணி ஏறாது." போம் எண்டா பொங்கி இறுகுற நுரை. மிச்சம் 25,000ஐயும் எண்ணிக் குடுத்தன். சந்தோசமா குடுத்தன் எண்டு சொல்லத்தான் வயிறெரியுது.

பதினோராம் நாள் போயா. கொழும்பால வந்த குடும்பம் ஒண்டு, ஒம்பது பேர், அதுல மூணு சின்னப் பிள்ளைகள். கல்லடிப் பாலத்தடில எஞ்சின நிப்பாட்டி, துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மத்த நுனில காத வைக்கச் சொன்னன், மீன் பாட்டு அப்படித்தானே கேக்கிற. எல்லாரும் அமைதி. அந்த அமைதிலதான் எனக்கு கேட்டிச்சு, மீன் இல்ல, என்ட காலுக்குக் கீழ "களக்... களக்" எண்டு டியூப்புக்குள்ள தண்ணி ஆடுற சத்தம். டோர்ச் அடிச்சுப் பாத்தா இடப்பக்கத் தளம் தண்ணிய முட்ட நாலு விரல்தான் மிச்சம். எல்லாரயும் வலப்பக்கம் முன்னால இருக்கச் சொல்லி மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டு வந்தன். லைப் ஜக்கட் போட்டிருந்தாக்கள்தான், எண்டாலும் அந்தச் சின்னவள்ட முகம் கண்ணுக்குள்ள நிக்குது. காசத் திருப்பிக் குடுத்து அனுப்பினன். 1924ல வெள்ளக்காரன் போட்ட கல்லடி இரும்புப் பாலம் தலைக்கு மேல இண்டைக்கும் நிக்குது, இவன்ட வேல பதினொரு நாள்.

அடுத்த நாள் விடிய மச்சானும் நானும் தென்னங்குத்தில ஏத்தி அடி மூடியத் திறந்தம். 20 லீற்றர் வாளியால 17 வாளி. கணக்குப் பாருங்க, 340 லீற்றர், 340 கிலோ, அஞ்சு பெரியாள் டிக்கட் எடுக்காம ஏறி இருந்த மாதிரி. தண்ணியோட சேந்து மஞ்சள் போம் துண்டு துண்டா வருது. அவன் அடிச்சது கதவு நிலைக்கு அடிக்கிற டின் போம், அது தண்ணிய ஸ்பொஞ்ச் மாதிரி குடிச்சுக்கொண்டு கிடக்கு. பெயின்ட்டச் சுரண்டினா உள்ளுக்க ஒட்டே இல்ல, கார் டிங்கரிங்ல பூசுற பட்டி! நகத்தால தோண்ட வருது. பட்டிக்குக் கீழ வெறும் கீறல், அதுல ஓட்டயே இல்ல.

உண்மையான ஓட்ட எங்கயெண்டு டயர் கடைத் தம்பி கொம்ப்ரசரக் கொண்டு வந்து அரை மணித்தியாலத்துல காட்டினான். மூடித் துளையால மெல்லக் காத்து விட்டு, ஒட்டு எல்லாத்துலயும் சோப்புத் தண்ணிய பிரஷ்ஷால தடவ, தளத்தத் தாங்குற பிடி டியூப்போட சேர்ற இடத்துல குமிழி குமிழியா வந்திச்சு. விரல் நீளத்துக்கு மயிர் மாதிரி வெடிப்பு. போட் அலைல முறுகக்குள்ள பாரம் வாற இடம் அதுதான், அதுலதான் வெடிக்குமாம். அந்த இடத்த இவன் தொடவே இல்ல. டெஸ்ட் பண்ணினவனாம்!

இனி அவன்ட பதிலுகளக் கேளுங்க. முதல் கோல்: "அண்ணன் அது ஓட்டத் தண்ணி இல்ல, வெயிலுக்கும் குளிருக்கும் உள்ளுக்க காத்து வேர்க்கிற, எல்லா போட்டுக்கும் உள்ளதுதான்." வேர்க்கும், ஓம், ஒரு கோப்ப ரெண்டு கோப்ப வேர்க்கும், 17 வாளி வேர்க்குமா? அதோட நான் நாக்குல வச்சுப் பாத்தன், உப்பு. வேர்த்த தண்ணி உப்புக் கரிக்குமாடா? அதச் சொன்னதும் கட் பண்ணிட்டான். ரெண்டாம் கோல்: "நீங்க எங்கயும் கல்லுல இடிச்சிருப்பீங்க." மூணாவது: கொழும்புல நிக்கானாம், திங்கள் வாறானாம். எந்தத் திங்கள் எண்டு சொல்லல்ல. மறுகா வொய்ஸ் போட்டா கேட்டிரிக்கான், நீலம் விழுது, பதில் இல்ல. வேற நம்பரால எடுத்தா ஒரு பொம்பளப் பிள்ள "அவர் இல்ல" எண்டு வைக்கிது, பின்னால அவன்ட இருமல் கேக்குது. கடை எண்டு சொன்ன இடத்துக்குப் போனன், பூட்டின ரோலர் கதவு, பக்கத்துக் கடைக்காரர் சொல்றார் "தம்பி நீங்க இந்த மாசம் நாலாவது ஆள்". அந்த விளம்பரத் தளத்துக்கு அறிவிச்சன், "விளம்பரம் மட்டும்தான் எங்கட பொறுப்பு" எண்டு ரெடிமேட் பதில். இண்டைக்கு விளம்பரத்தத் திறந்து பாத்தா புதுப் படம் ஒண்டு, சில்வர் பெயின்ட் பளபளக்குது. என்ட போட். கூரைல மனிசி கட்டின மணியும் தெரியுது.

எப்படி கவனமா இருக்கிற எண்டு விவரமா எழுதத்தான் இருந்தன், இப்ப பொறுமை இல்ல, கெதியா சொல்றன். சோப்புத் தண்ணில குமிழி வாறத உங்கட கண்ணால பாக்காம வேலையத் தொடங்க விடாதீங்க, ஒட்டினாப் பிறகு குமிழி வராததயும் கண்ணால பாக்காம காசி குடுக்காதீங்க. காத்து 2, கூடினா 3 பீஎஸ்ஐ, டயருக்கு அடிக்கிற மாதிரி 30 அடிச்சா டியூப் வெடிச்சு ஆளுக்குப் படும். போம் அடிக்கிறன் எண்டு சொன்னா அந்த இடத்துலயே ஆள அனுப்புங்க, போம் இரிக்கிற டியூப்புல மறுகா ஒட்டவும் ஏலா, நெருப்புப் பிடிக்கும், புகையும் நஞ்சு. தண்ணி முழுக்க வடிஞ்சு காயாம, காத்துப் போக ஒரு வழியும் திறந்து வைக்காம ஒட்ட விடாதீங்க. ஆ, அடிக்கு செம்பு கலந்த பெயின்ட்டும் வேணாம், உப்புத் தண்ணில அலுமினியத்தத் திண்டிரும். பில் வாங்குங்க, பில், பில். பாவனையாளர் அதிகாரசபைக்கு முறைப்பாடு எண்டா எழுத்துல மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், 1977 எண்ட நம்பருக்கு அடிச்சும் கேக்கலாம். நான் நாளைக்குப் போறன், கைல இரிக்கிறது போன்ல எடுத்த படமும் வொய்ஸும்தான், 185,000க்கு ஒரு துண்டுக் கடதாசி இல்ல.

இப்ப அந்தப் பின் அறையத் திறந்து போமைச் சுரண்டி எடுக்கணும், அது முடிய வெடிப்ப ஒட்டணும். மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் ஆகன் வெல்டிங் உண்மையாத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தாச் சொல்லுங்க. தேத்தண்ணி தருவன், சாப்பாடும் தருவன். காசி குமிழி நிண்டாப் பிறகு.