பிஎச்பியில் திகதி மாற்றுவது: ஊகிக்கிற ஸ்ட்ரிட்டோடைமா, சொன்னதைக் கேட்கிற கிரியேட்ஃப்ரம்ஃபோர்மட்டா?

நல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு திருமண சேவையின் பழைய எக்செல் பதிவுகளைப் புதிய வலைத்தளத்துக்கு ஏற்றிக் கொடுக்கும் வேலை போன வருடம் கிடைத்தது. பெயர், ஊர், படிப்பு எல்லாம் சுலபமாக ஏறிவிட்டன. இழுத்தடித்தது பிறந்த திகதிதான். 14/03/1998 என்று ஒன்று, 3-4-1997 என்று ஒன்று, 03.04.02 என்று இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் தட்டியவர் நாளை முன்னால் போட்டிருக்கிறார், கனடாவிலிருந்து வந்த படிவங்களில் மாதம் முன்னால் நிற்கிறது, ஜெர்மனியில் இருப்பவர்கள் புள்ளி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர, வலைத்தள நிரல் எழுதும் மொழியான பிஎச்பியில் வழிகள் பல. நான் எடுத்தது கிரியேட்ஃப்ரம்ஃபோர்மட்.

எழுத்தாக உள்ள திகதியைக் கணினி நேரமாக மாற்றும் ஸ்ட்ரிட்டோடைம், பிஎச்பி எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்தது. எதைக் கொடுத்தாலும் தானே வாசித்துக்கொள்ளும், ஒரே வரியில் வேலை முடியும். நம் நிரலே உருவாக்கிய 1998-03-14 மாதிரியான எழுத்துக்கோவைக்கு அது போதும். மனிதர் கையால் தட்டியதற்குத்தான் ஆகாது, ஏனென்றால் அது ஊகிக்கிறது. சாய்கோடு இருந்தால் அமெரிக்க முறை, அதாவது மாதம் முதலில். சிறுகோடு இருந்தால் நாள் முதலில். 14/03/1998 கொடுத்தால் பதினாலாம் மாதம் இல்லை என்பதால் ஃபால்ஸ், அதாவது 'இல்லை' என்ற பதில், திரும்பி வரும். அதைப் பரிசோதிக்காமல், திகதியை அச்சிடும் டேட் ஃபங்ஷனுக்குள் அப்படியே போட்டால், சாதாரண நிலையில் அது பூச்சியமாக எடுக்கப்பட்டு, கணினி நேரம் எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1 என்று அச்சாகும். இதாவது பார்த்தவுடன் கண்ணில் குத்தும். 04/03/1998 அப்படியில்லை. மார்ச் 4இல் பிறந்த பிள்ளை ஏப்ரல் 3க்குப் போய்விடும், ஒரு எச்சரிக்கைகூட வராது. ஆக, நாள் 12க்கு மேல் என்றால் பிழை தெரியும், 12க்குள் என்றால் தெரியாது.

புள்ளி வைத்தவை இன்னும் வேடிக்கை. 03.04.98 சரியாக ஏப்ரல் 3 ஆகும். 03.04.02 ஆகாது. இரண்டு இலக்க ஆண்டைப் புள்ளியோடு எழுதினால் 61 முதல் 99 வரைதான் அதற்குத் திகதி, மற்றதெல்லாம் நேரம். 2002இல் பிறந்த பெண், இன்று அதிகாலை 3 மணி 4 நிமிடம் 2 செக்கனுக்குப் பிறந்தவளாகிவிடுவாள்!

கிரியேட்ஃப்ரம்ஃபோர்மட் 2009இல் பிஎச்பி 5.3உடன் வந்தது. இதற்கு வடிவத்தை நாம்தான் ஆங்கில எழுத்துகளால் சொல்ல வேண்டும்: சின்ன டி நாள், சின்ன எம் மாதம், பெரிய வை நாலு இலக்க ஆண்டு, நிமிடத்துக்கு சின்ன ஐ. எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும், ஆகவே கோப்புக்கு ஒரு வடிவம் எழுதி வைத்தேன். பொருந்தாத வரிகள் தனி அட்டவணைக்குப் போயின. அவற்றை அலுவலகத்து அக்கா தொலைபேசியில் கேட்டுத் திருத்தினார்.

இதிலும் பொறி இல்லாமல் இல்லை. வடிவத்தின் முன்னால் ஆச்சரியக்குறி போடாவிட்டால், சொல்லாமல் விட்ட மணியும் நிமிடமும் இப்போதைய நேரத்தால் நிரம்பும். 31/04/1998 என்று கொடுத்தால் மறுக்காது, மே 1 ஆக்கித் தரும். அதனால், கடைசி மாற்றத்தில் வந்த பிழைகளைச் சொல்லும் கெட்லாஸ்ட்எரர்ஸைக் கூப்பிட்டு எச்சரிக்கை உண்டா என்று பார்ப்பது கட்டாயம். பிஎச்பி 8.2இலிருந்து பிழை ஒன்றும் இல்லாதபோது அது ஃபால்ஸ் தரும், பழைய நிரலைக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்கவும். பெரிய வை இருக்கும் இடத்தில் 02 என்று வந்தால் கி.பி. 2ஆம் ஆண்டு. அந்த வரிகளுக்கு இரண்டு இலக்க ஆண்டுக்கான சின்ன வை.

என்னை முழுதாக இந்தப் பக்கம் சாய்த்தது, வடிவம், திகதி இரண்டுக்கும் பிறகு கிரியேட்ஃப்ரம்ஃபோர்மட்டுக்கு மூன்றாவதாகக் கொடுக்கும் நேர வலயம். இலங்கை 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது, ஒக்டோபர் 26 அன்று அரை மணி பின்னால் எடுத்தது, 2006 ஏப்ரல் 15 அன்றுதான், யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர்கள்தான் இப்போது கலியாணச் சந்தையில் நிற்கிறார்கள். ஆசியா/கொழும்பு என்று கொடுத்தால் இந்த மாற்றங்களெல்லாம் பிஎச்பிக்குத் தெரியும்: 1998 யூன் 15 காலை 6.10 என்பது யூடிசியில் 0.10. ஆனால் அந்தக் காலத்தில் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அங்கே பிறந்தவருக்கு அதே 6.10, யூடிசியில் 0.40. அரை மணித்தியாலம் பிசகினால் லக்கினம் மாறக்கூடும், நவாம்சம் மாறியே தீரும். "பழைய நேரமோ புது நேரமோ?" என்று சாத்திரியார் கேட்பது இதனால்தான். ஆகவே படிவத்தில் அந்தக் கேள்வியையும் சேர்த்தோம். பதில் பழைய நேரம் என்றால் வலயமாக +05:30, இல்லையென்றால் ஆசியா/கொழும்பு. ஸ்ட்ரிட்டோடைமிலும் எழுத்துக்கோவையின் வாலில் வலயத்தை ஒட்டலாம்தான். ஆனால் ஒட்ட மறந்த வரி, சர்வரில் இயல்பாக உள்ள வலயத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும்.

தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லின் எஸ்டிஆர்_டு_டேட்டும் வடிவம் கேட்டுத்தான் மாற்றும், அந்த வகையில் நல்ல பிள்ளை. பெரிய கோப்பை நேரே ஏற்றுகிறவர்களுக்கு வேகமும் கிடைக்கும். ஆனால் அங்கே வலயம் மாற்றும் கன்வெர்ட்_டிஇசட்டில் வலயத்தைப் பெயரால் கொடுக்க, வலய அட்டவணைகள் முன்பே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் விடையாக வருவது 'நல்', அதாவது வெறுமைதான். பலர் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஹோஸ்டிங்கில் அது நம் கையில் இல்லை.

திகதிகளுக்கான பிஎச்பி நூலகமான கார்பனை, லாரவெல் என்ற பிஎச்பி சட்டகத்தில் செய்த ஒரு சின்ன வேலையில்தான் தொட்டிருக்கிறேன், அதனால் அதற்கு மார்க் போட மாட்டேன். அடியில் இருப்பது பிஎச்பியின் அதே டேட்டைம் என்பதால், அதன் பார்ஸும் ஸ்ட்ரிட்டோடைம் மாதிரியே ஊகிக்கும் என்பதை மட்டும் சொல்லலாம். அதிலும் கிரியேட்ஃப்ரம்ஃபோர்மட் உண்டு.

மைஎஸ்கியூஎல்லில் சேமிக்கும்போது டைம்ஸ்டாம்ப் வகை வேண்டாம். அது 1970இல் தொடங்கி 2038 ஜனவரி 19 அன்று முடிந்துவிடும், மறுமணத்துக்குப் பதிகிற 1968காரருக்கு இடமில்லை. பிறந்த ஊரின் கடிகாரம் காட்டிய நேரத்தை அப்படியே டேட்டைம் வகையில் போட்டு, வலயத்தைப் பக்கத்துப் புலத்தில் எழுதுங்கள். யூடிசியைத் தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம்.