ஜூடோ: உச்சிகோமியா, ரண்டோரியா?

உச்சிகோமி என்பது எறிதலுக்குள் நுழையும் அசைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி; இதில் எறிவதில்லை. கழுத்துப்பட்டையையும் கையையும் பிடித்து, இணையின் சமநிலையைக் குலைத்து, உள்ளே திரும்பி, தூக்கும் நிலை வந்ததும் பழையபடி வெளியே வரவேண்டும். 10 முறை ஒரு செட். கடைசியில் மட்டும் எறியலாம். பிழை பளிச்சென்று தெரியும். இப்போன் செயோய் நாகே எனும் தோள்வழி எறிதலில் முழங்காலை மடக்கி, உங்கள் இடுப்பை அவர் இடுப்புக்குக் கீழே இறக்காவிட்டால், அவர் எடை முழுவதும் உங்கள் கீழ்முதுகில்தான். வேகத்துக்கு ஆசைப்பட்டால் முதலில் சோம்புவது, சட்டைக்கையை இழுக்கும் கை.

ஆனால் இணை மரம்போல் நிற்கிறார். அவர் நகர்ந்தால், தடுத்தால் என்ன ஆகும் என்பதை ரண்டோரி எனும் பயிற்சிச் சண்டைதான் காட்டும். போட்டி நேரமான 4 நிமிடத்தையே சுற்றுக்கும் வைக்கலாம். இங்கே வழக்கமான கோளாறு, விழப் பயந்து கைகளை விறைத்து நீட்டி நிற்பது. அப்படி நின்றால் நீங்களும் எறிய முடியாது. விழும்போது தரையில் கை ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும்.

ஆகவே உக்கேமி, அதாவது விழும் முறை, கைவராதவருக்கு ரண்டோரி வேண்டாம். மற்றவர்கள் உச்சிகோமியில் பழகிய ஒரே எறிதலை மட்டும் முயலும் சுற்றோடு தொடங்கலாம்.