சில்லு சுடுகிறது: கெலிப்பரா, ஹோஸா, மாஸ்டர் சிலிண்டரா?

இலங்கை மலையகத்தில், இறம்பொடை வளைவுகளில் கம்பளைப் பக்கம் இறங்கி வரும் எந்த ஜீப்பின் சில்லும் சுடத்தான் செய்யும். பிரேக் விடாமல் பிடித்திருக்கிறதா என்பதை அந்தச் சூட்டைக் கொண்டு சொல்ல முடியாது. சோதனையை ஏற்றத்தில்தான் செய்ய வேண்டும். இறம்பொடையிலிருந்து லபுக்கலைக்கு ஏறும்போது அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தளர்ந்துவிடுவதால், பிரேக்குக்கு அங்கே வேலை குறைவு. மேலே நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவுக்கும் அருகே, தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் கோளாறு அந்தச் சில்லோடு சேர்ந்தது. நான்கும் ஒரே மாதிரிச் சுட்டால், மிதித்ததும் பிரேக் ஒயிலை எல்லாச் சில்லுக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தேட வேண்டும்.

ஒரு சில்லு சுட்டால் கராஜில் முதலில் கை வைப்பது, சில்லோடு சுழலும் தட்டைப் பிஸ்டனால் அழுத்திப் பிடிக்கும் கெலிப்பரில்தான். என் ஜீப்பின் முன் இடது சில்லுக்கும் அப்படித்தான் கெலிப்பரை மாற்றினார்கள்; இரண்டு வாரத்தில் அதே சூடு, அதே கருகல் வாசனை. கடைசியில், கெலிப்பருக்கு ஒயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸைக் கழற்றி பிளேடால் நீளவாக்கில் பிளந்தபோது, வெளியே ஒரு வெடிப்பும் இல்லாத அந்த ஹோஸின் உட்தோல் உரிந்து, சிறு நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மிதிக்கும் அழுத்தத்துக்கு அது வழிவிடும். காலை எடுத்த பின் ஒயில் திரும்பி வரும்போது அடைத்துக்கொள்ளும்.

இந்த இரண்டையும் பிரித்தறியக் காசு செலவில்லை. சமதளத்தில் மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சுட்ட சில்லை ஜக்கில் தூக்கி, அது இறுகியிருக்கும்போதே கெலிப்பரின் நிப்பிளை (ஒயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகை) சற்றுத் தளர்த்துங்கள். அப்படியும் சில்லு விடுபடாவிட்டால், பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது அல்லது கெலிப்பர் நகரும் பின் இறுகியிருக்கிறது. கெலிப்பரைக் கழற்றுவது நியாயமே. ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால் அழுத்தம் மேலே எங்கோ சிறைப்பட்டிருக்கிறது. அப்போது நிப்பிளை மூடி, பிரேக்கை மிதித்து மறுபடி இறுகச் செய்து, ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் மேல் இணைப்பைத் தளர்த்த வேண்டும். அங்கே தளர்த்தியும் விடாவிட்டால் குற்றவாளி ஹோஸ். விட்டால் கோளாறு அதற்கும் மேலே, இரும்புக் குழாயிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ. சோதனை முடிந்ததும், ஒயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றாமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரவே கூடாது.

பின்சில்லுகள் இரண்டும் சேர்ந்து சுட்டால், முதலில் ஹான்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள். இரண்டு பின்சில்லையும் ஒரே விறைத்த அச்சு இணைக்கும் பல ஜீப்புகளில் சட்டத்திலிருந்து பின்னச்சுக்கு ஒரே ஹோஸ்தான் போகிறது. அது அடைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடிக்கும். இதை அறியாமல் இரண்டு பக்க டிரம்மையும் பிரித்து உள்ளே உராயும் லைனரை மாற்றுவது வீண் செலவு.

மாஸ்டர் சிலிண்டர் கோளாறு அரிது, ஆனால் ஆபத்தானது. மிதியிலிருந்து அதை அழுத்தும் தள்ளுகம்பிக்குச் சிறிதும் தளர்வு இல்லாவிட்டால், ஒயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துவாரம் மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஒயிலுக்குப் போக்கிடமின்றிப் பிடிப்பு ஏறிக்கொண்டே போகும், குளிர்ந்தால் தானே விட்டுவிடும். காலையில் நன்றாக ஓடி நடுவழியில் இறுகும் வண்டிக்கு என் முதல் சந்தேகம் இதுதான்.

எதை மாற்றினாலும் பழைய ஒயிலை விட்டுவைக்காதீர்கள். பிரேக் ஒயிலை டொட் (DOT) 3, 4 என்று தரம் பிரிப்பார்கள்; தரவிதிப்படி டொட் 3 ஒயிலின் கொதிநிலை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் 140. டொட் 4 என்றால் 230, 155. மலையில் எனக்கு டொட் 4தான் வேண்டும்.